வைஃபை பாஸ்வேர்டு யாரிடமும் இருக்கலாம், பில்லில் இருப்பது உங்கள் பெயர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் கேபிள் தொங்குகிறது. ஒரு வீட்டில் நாலு போன், பிள்ளைகளுக்கு ஒரு டேப், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா. எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு. அந்தப் பாஸ்வேர்டை நம் ஆட்கள் கையாளும் விதத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், “ரெண்டு நாளா நெட் இல்லைன்னு சொன்னீங்களே, எங்க வீட்டு வைஃபை போட்டுக்கோங்க” என்று அறுபது பேர் பார்க்கப் பாஸ்வேர்டை எழுதுகிறார் ஒருவர். டியூஷன் எடுக்கும் வீட்டில் அதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டவர், தன் பெயரில் ஒரே இணைப்பு வாங்கி நாலு குடித்தனத்துக்கும் கொடுத்து, வாடகையோடு இருநூறு ரூபாய் சேர்த்து வாங்குகிறார். எல்லாவற்றையும்விட மோசம், வீடு காலி செய்கிறவர் அடுத்து வருபவரிடம், “கனெக்‌ஷனை வெட்ட வேணாம், மாசாமாசம் நீங்களே கட்டிக்கிட்டு ஓட்டிக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போவது. போனவர் பெயர், ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் நிறுவனத்தின் பதிவில் அப்படியே இருக்கும். பயன்படுத்துகிறவர் யாரென்று அவருக்கே தெரியாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வைஃபை வழியாக யார் எந்தப் போனில் என்ன செய்தாலும், வெளி உலகத்துக்குத் தெரிவது உங்கள் இணைப்பின் ஐபி முகவரி. ஒரு மிரட்டல் மின்னஞ்சலோ, வங்கி மோசடியோ, குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படமோ அந்த முகவரியிலிருந்து போயிருந்தால், போலீஸ் இணைய நிறுவனத்திடம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது? பதிலாக வருவது பில்லில் உள்ள பெயரும் வீட்டு முகவரியும். பக்கத்து போர்ஷன் பையனின் பெயர் அதில் வராது.

இது நம் நாட்டில் நடந்தே இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் துரத்திப் போனபோது, அது நவி மும்பை சான்பாடாவில் ஒரு வெளிநாட்டவர் குடியிருந்த வீட்டின் வைஃபையில் போய் நின்றது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பில்லை. ஆனாலும் விசாரணை, கணினி பறிமுதல், தேடப்படுவோர் அறிவிப்பு என்று எல்லாவற்றையும் அவர் அனுபவித்தார். அடுத்த மாதம் வந்த இன்னொரு மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் அனுப்பப்பட்டவை. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டது. அந்த உத்தரவு நம் வீட்டுக்கு வரும் லைன்மேன் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் அவர் வாடிக்கையாளரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

மொபைல் எண் பாஸ்வேர்டே அல்ல. இந்தியாவில் பத்து இலக்க எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடிச் சாத்தியங்கள்தான். உங்கள் வீட்டு வைஃபை சிக்னலைத் தெருவிலிருந்து பதிவு செய்துகொண்டு போகிறவனுக்கு, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி இருந்தால் அது சில மணி நேர வேலை. எண்ணைத் தெரிந்தவனுக்கு அந்த வேலையும் தேவையில்லை. பதினாறு எழுத்துக்குக் குறையாமல், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, நடுவில் எண்ணும் குறியும் போட்டு வையுங்கள். ரவுட்டர் அமைப்பில் பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அந்த ரவுட்டரையே மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

சரி, வீட்டுக்குள் போனுக்கும் டேபுக்கும் எப்படிக் கொடுப்பது? ஆண்ட்ராய்டு 10 முதல் பெரும்பாலான போன்களில் வைஃபை அமைப்பில் ‘ஷேர்’ என்று இருக்கிறது. கைரேகையோ பின் எண்ணோ கேட்டுவிட்டு ஒரு கியூஆர் கோடு காட்டும். டேபின் கேமராவால் அதைப் பார்த்தால் இணைந்துவிடும். ஐபோனில் இரண்டு கருவியும் அருகருகே, புளூடூத்தும் வைஃபையும் ஆனில், ஒருவர் ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சல் இன்னொருவர் தொடர்புப் பட்டியலில் இருந்தால் தானாகவே பகிரக் கேட்கும். வசதியான முறைகள்தான். ஆனால் கியூஆர் கோடு பாஸ்வேர்டை மறைத்து வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மறைக்காது. அந்தக் கட்டத்துக்குள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தில் இருக்கின்றன. பல போன்களில் கோடுக்குக் கீழேயே பாஸ்வேர்டு தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவதும் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதுவதும் ஒன்றே. கருவியை நேரில் காட்டி இணையுங்கள், படமாக அனுப்பாதீர்கள்.

விருந்தாளிக்கு, பிள்ளையின் நண்பனுக்கு, வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு வீட்டுப் பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் இணைந்தவர் இணையத்துக்குப் போகலாம். உங்கள் கணினி, பிரிண்டர், கேமரா பக்கம் வர முடியாது. வந்தவர் போனதும் அதை அணைத்துவிடலாம், வீட்டுக் கருவிகள் ஒன்றும் அறுபடாது. கேமரா என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். 2025-ல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்புக் கேமரா காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. தொழிற்சாலையில் போட்ட எளிய பாஸ்வேர்டை மாற்றாததே காரணம் என்று சொல்லப்பட்டது. உங்கள் வாசல் கேமராவின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

இத்தனையும் செய்தும் ரவுட்டரின் உள்வாசல் திறந்திருந்தால் பலனில்லை. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், ஒரு பயனர் பெயரும், ஒரு பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. வைஃபையில் நுழைந்த எவரும் அந்த முகவரியை பிரவுசரில் தட்டி, ‘அட்மின்’, ‘அட்மின்’ என்று போட்டுப் பார்க்கலாம். திறந்துவிட்டால் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி, நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டும்போது போலித் தளத்துக்குத் திருப்பிவிட முயலலாம். இந்த உள் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லி லைன்மேனிடம் கேளுங்கள். “அதெல்லாம் தேவையில்லை சார்” என்பார். தேவை. அவர் கிளம்புவதற்குள் மாற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டு மறந்தவர்கள் ரவுட்டரின் பின்புற ஓட்டையில் ஊசியை வைத்து ரீசெட் செய்துவிடுகிறார்கள். ஃபைபர் ரவுட்டர் பலவற்றில் நிறுவனம் போட்டுவைத்த லாகின் விவரங்களும் அதோடு அழிந்துபோகும். பிறகு லைன்மேன் வரும்வரை இணையமே இருக்காது. யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் ரீசெட் செய்தால் இன்னும் கேடு, ரவுட்டரில் இருந்த பதிவும் சேர்ந்து போய்விடும்.

பாஸ்வேர்டை எப்போது மாற்ற வேண்டும்? குடித்தனக்காரர் மாறும்போது. வேலையாள் நிற்கும்போது. போனை ரிப்பேருக்குக் கடையில் விட்டு வாங்கியபின், ஏனென்றால் திறந்த போனில் சேமித்த பாஸ்வேர்டைப் பார்த்துவிட முடியும். பழைய டேபை விற்கும்போது, அதை முழுதாக அழித்துக் கொடுத்த பிறகும்கூட. மாற்றிய தேதியையும், யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தி, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. அதாவது இன்று நடந்ததற்கு அடுத்த வருஷமும் உங்கள் கதவைத் தட்டலாம். அப்போது அந்த நோட்டு உதவும், ஞாபகம் உதவாது.

சந்தேகம் வந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘இணைந்த கருவிகள்’ பட்டியலைத் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பிறகே வைஃபை, ரவுட்டர் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930. மற்றவற்றுக்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும், நேரிலும் புகார்.

எங்கே நேரில்? இங்கேதான் மக்கள் அலைகிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆவடி தனி மாநகர காவல் ஆணையரகம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதற்குள் வரும், அதற்கென்று சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு. சென்னை ஆணையர் அலுவலகம் உள்ள வேப்பேரிக்கு ஓடாதீர்கள். உள்ளூர் நிலையத்தில் கொடுத்தாலும் வாங்க வேண்டும், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 173 அதைத்தான் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். விசாரணைக்குத்தான் அந்த விதி, மனுவை வாங்காமல் இருக்க அது சாக்கல்ல.

மனுவில் இவை இருக்கட்டும்: உங்கள் வாடிக்கையாளர் எண், இணைப்பு உள்ள முகவரி, ரவுட்டர் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண், சந்தேகம் வந்த தேதியும் நேரமும், எடுத்த படங்களின் பிரதி, பாஸ்வேர்டு மாற்றிய நேரம், இணைய நிறுவனத்திடமிருந்து அந்த நாளின் பதிவுகளைக் கேட்டுப் பத்திரப்படுத்தக் கோரும் ஒரு வரி. மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். எஃப்ஐஆர் போட்டால் பிரதி இலவசம், கேட்டு வாங்குங்கள். மனுவை வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் துணை ஆணையருக்கு அனுப்பி ரசீதை வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66சி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் அறுபது பேர் உள்ள குழுவில் நீங்களே எழுதிப் போட்டிருந்தால், அனுமதியில்லாமல் நுழைந்தான் என்று எந்த முகத்தோடு சொல்வீர்கள்? பாஸ்வேர்டை ஊருக்குக் கொடுப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளை ஊருக்குக் கொடுப்பது.

போலீஸ் உங்களைத் தேடி வந்தால் பயந்து ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் குற்றமற்றவரும் குற்றவாளி போலத் தெரிவார். சாட்சியாக அழைப்பதென்றால் எழுத்தில் அழைக்க வேண்டும். பெண்களையும், 60 வயது கடந்தவர்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 179. போனையோ டேபையோ எடுத்துச் சென்றால், எடுத்த பொருள்களின் பட்டியல் வாங்குங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் பிரிவு 105 சொல்கிறது.

இணைய நிறுவனம் பாஸ்வேர்டை மாற்றித் தராமலோ, இணைப்பை முடிக்காமலோ இழுத்தடித்தால் லைன்மேன் போனுக்கே திரும்பத் திரும்ப அழைப்பதால் பலனில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். டாக்கெட் எண் இல்லாத புகார் புகாரே அல்ல. தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கை ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காவலுக்கு மூன்று ஊரும் ஆவடி என்றாலும், வருவாய்க் கணக்கில் அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். உங்கள் முகவரிக்கு எந்த ஆணையம் என்று கேட்டுவிட்டு மனுவை அச்சிடுங்கள்.

வீடு மாறுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். போவதற்கு முன் இணைப்பை முடிக்க எழுத்திலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முடித்துவிட்டோம் என்ற பதில் வந்தால் அதை அச்சிட்டு வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள். புதிதாக வருபவர் தன் ஆதாரைக் கொடுத்துத் தன் பெயரில் வாங்கட்டும். உங்கள் பின்கோடில் எந்தெந்த நிறுவனம் இணைப்புத் தருகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அம்பத்தூருக்கு 600053, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. ஏற்கெனவே பழைய வீட்டில் இணைப்பை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் நாளைக்கே அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்; எழுத்தில் முடிக்காதவரை அந்த இணைப்பு உங்களுடையதுதான்.