மீத்தேனின் ஆயுளை அளக்கும் லேசர்

மாட்டின் ஏப்பத்திலும் நெல்வயல் சேற்றிலும் கிளம்பும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் தங்குகிறது. அதை அழிக்கும் பெரும் பொறுப்பு ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்புடையது. ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, இணையில்லாத ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான். எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்குவதால் அதன் ஆயுள் சுமார் ஒரு நொடி. புட்டியில் அடைத்துவைக்க முடியாத இதன் வினைவேகத்தை எப்படி அளப்பது?

வழி காட்டியவர்கள் கேம்பிரிட்ஜில் 1940களின் இறுதியில் ஆய்வு செய்த ரொனால்ட் நாரிஷும் ஜார்ஜ் போர்ட்டரும். கடும் ஒளிவீச்சால் வாயு மூலக்கூறுகளை உடைத்தார்கள். கண நேரம் கழித்து இரண்டாவது ஒளியைப் பாய்ச்சி, உள்ளே என்ன உருவாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் வினையின் போக்கு முழுவதும் தெரிந்துவிடும். இதற்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அந்த இரண்டு ஒளிகளும் லேசர்கள். கலத்துக்குள் ஹீலியம், மீத்தேன், துளியளவு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. 248 நானோமீட்டர் லேசர் துடிப்பு ஒன்று பெராக்சைடை இரண்டு ஹைட்ராக்சிலாகப் பிளக்கிறது. பின்னாலேயே வரும் 282 நானோமீட்டர் லேசரை உறிஞ்சும் ஹைட்ராக்சில், 308 நானோமீட்டரில் மங்கலாக ஒளிர்கிறது. ஒளிர்வு குறையக் குறைய ஹைட்ராக்சில் தீர்ந்துவருகிறது என்று பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், மீத்தேனை மிக அதிகமாக வைப்பது. அப்போது வினை நடந்தாலும் அதன் அளவு மாறாது; ஹைட்ராக்சில் எத்தனை இருந்தது என்றே தெரிய வேண்டாம், அது தேயும் வேகம் போதும். மீத்தேனைக் கூட்டிக் கூட்டி அளந்து வரைபடமாக்கினால், கோட்டின் சரிவே வினைவேக மாறிலி.

ஆனால் மீத்தேன் தூய்மையாக இருக்க வேண்டும். அறைவெப்பத்தில் ஈத்தேன் ஹைட்ராக்சிலோடு ஏறத்தாழ 40 மடங்கு வேகமாக வினைபுரியும். நூறில் ஒரு பங்கு ஈத்தேன் கலந்துவிட்டாலே விடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும்.

அமெரிக்காவின் போல்டர் நகரில் வஜ்ஜியானியும் ரவிசங்கராவும் இந்த வினையைக் கவனமாக மறுபடி அளந்து 1991இல் வெளியிட்டார்கள். வினை அதுவரை நம்பியதைவிட மெதுவானது. மீத்தேனின் ஆயுள் சுமார் கால் பங்கு நீண்டது. காற்றிலுள்ள மொத்த மீத்தேன் எவ்வளவு என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அது மெதுவாக அழிகிறது என்றால், ஆண்டுதோறும் பூமியிலிருந்து கிளம்புவதும் முன்பு கணக்கிட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.