படலையோடு நின்ற பாட்டு

யாழ்ப்பாணத்துச் சைவர் பலர் இறந்தோரின் சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைப்பர். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் இங்கேயே வருவர். கிரியை செய்வோரும் கொள்ளி வைத்தோரும் ஆடவரே. அச்சாவினைப் பாடியவர் யார் என்பதே என் கேள்வி.

செத்தவீட்டிற் பறை முழக்கியோர் ஆடவர். ஒப்பாரி சொன்னோர் பெண்டிர். இறந்தவரின் குணத்தையும் குடும்பத்தின் கதையையும் அக்கணமே இசையோடு தொடுத்தவர்கள் அவர்கள். ஆயினும், பிரேதம் படலையைக் கடந்ததும் அப்பாட்டு நின்றுவிடும். சுடலைக்குப் பெண்கள் போவது வழக்கமன்று.

சுடலையிற் பெண் புலம்பும் பாட்டு மேடையில் மட்டும் உண்டு. கீரிமலைக்கு அயலான காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) புகழ் நாட்டிய மயான காண்டத்தை ஊரூராக மக்கள் கண்டனர். மகனை இழந்த சந்திரமதியின் புலம்பலிற் கண் கலங்கினர். அந்தச் சந்திரமதியோ பெண்வேடம் புனைந்த ஆண்!

அக்கலைஞரின் திறனை நான் குறைகூறேன். ஆனால், ஆண் பாடிய புலம்பலுக்கு மேடையும் கைதட்டலும் கிடைத்தன. அதே துயரை முற்றத்திற் பாடியவளுக்குப் பெயர்தானும் எஞ்சவில்லை. அவள் பாடியது அழுகையென்றே கொள்ளப்பட்டது, கலையென்று கொள்வாரில்லை. ஒப்பாரி அருகிவரும் இந்நாளில் அதனைத் தொகுக்க முனைவோர், பாட்டை எழுதுமுன் பாடியவளின் பெயரை எழுதுவாராக.