வாசல் படம் எங்கே போச்சு?

குழந்தைகளே! கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரை வருகிறது. நேற்று வரை அதன் பின்னால் நீங்கள் ஆசையாய் வைத்த படம் இருந்தது. இன்று பார்த்தால் வெறும் நீலம்! பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வாசலில் மட்டும் படத்தைக் காணோம்.

உடனே வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "வைரஸ் வந்திருக்கும்" என்பார் ஒருவர். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பார் இன்னொருவர். ஃபார்மட் செய்தால் உங்கள் போட்டோக்கள், பிராஜெக்ட் எல்லாம் போய்விடும். ஒரு படம் தெரியாததற்கு அவ்வளவு பெரிய வைத்தியம் தேவையே இல்லை. எங்கேயோ ஒரு சுவிட்ச் மாறியிருக்கும். அது எது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம், வாருங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் படம் தெரிகிற இடம் மூன்று. ஆன் செய்ததும் மணியும் தேதியும் காட்டுகிறதே, அது 'லாக் ஸ்கிரீன்'. ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் உங்கள் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வரும். அது 'சைன்-இன் ஸ்கிரீன்'. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் வருவது 'டெஸ்க்டாப்'. நம் வீட்டோடு ஒப்பிட்டால் முதலாவது வாசல், இரண்டாவது பூட்டிய கதவு, மூன்றாவது கூடம். கூடத்தில் மாட்டிய படம் கதவில் தெரியாது அல்லவா? டெஸ்க்டாப் படத்தை மாற்றிவிட்டு, "சைன்-இன் ஸ்கிரீனில் வரவில்லையே" என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். கதவில் தெரிய வேண்டியது வாசல் படம், அதாவது லாக் ஸ்கிரீன் படம். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்துதான் இந்த ஏற்பாடு.

அதற்கு முன்பு? 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது சைன்-இன் ஸ்கிரீனில் ஒரே படம்தான். இருட்டில் ஒரு ஜன்னல், அதன் வழியே பாய்கிற நீல வெளிச்சம். அதைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்துவிட்டார்கள் என்று நினைத்தீர்களா? இல்லை! பிராட்லி மன்கோவிட்ஸ் என்ற வடிவமைப்பாளர், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், நிஜமாகவே ஒரு ஜன்னலைச் செய்து வைத்து, புகையைப் பரப்பி, விளக்கும் லேசரும் பாய்ச்சி எடுத்த படம் அது.

அதற்கும் முந்தைய கதை இன்னும் சுவையானது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் சைன்-இன் படத்தை மாற்ற வெளிப்படையான வழி கிடையாது. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் படத்தை வைக்க மட்டும் ஒரு மறைவான ஏற்பாடு இருந்தது. அதைக் கண்டுபிடித்து ஆர்வலர்களும் படம் வைக்கத் தொடங்கினார்கள். ஆனால், பலருக்குப் படம் வரவே இல்லை. காரணம், படத்தின் அளவு 256 கிலோபைட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு கிலோபைட்டு கூடினாலும் கம்ப்யூட்டர் திட்டாது, எச்சரிக்காது. சொல்லாமல் கொள்ளாமல் பழைய நீலப் படத்தையே காட்டிவிடும்! இன்று செல்போனில் எடுக்கிற போட்டோ ஒன்று 4 மெகாபைட் என்றால், அது 4096 கிலோபைட். அந்த எல்லையைப்போல் 16 மடங்கு! விண்டோஸ் 10, 11-ல் அந்த 256 கணக்கு இல்லை. ஆனால், 'காரணம் சொல்லாமல் படத்தை மறைக்கிற' பழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே, காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

துப்பறியத் தொடங்குவோம்

விண்டோஸ் கீயையும் (ஜன்னல் படம் போட்ட கீ) 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். வாசலில், அதாவது மணி காட்டும் திரையில், படம் தெரிகிறதா? தெரிந்தால், ஒரு கீயைத் தட்டி அடுத்த திரைக்குப் போங்கள். அங்கே என்ன பார்க்கிறீர்கள்?

படம் இருக்கிறது, ஆனால் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் மங்கலாக இருக்கிறது என்றால், கவலையே வேண்டாம். அது கோளாறு அல்ல. 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் வேண்டுமென்றே அப்படி மங்கலாக்குகிறது. பெயரும் கட்டமும் எடுப்பாகத் தெரிவதற்காம்! எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காவிட்டால், 'செட்டிங்ஸ்' போய், 'பர்சனலைசேஷன்', அதில் 'கலர்ஸ்' எடுத்து, 'டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். படம் தெளிவாகிவிடும்.

வாசலில் படம் இருக்கிறது, கதவில் மட்டும் ஒற்றை நிறம் என்றால், முதல் சந்தேக ஆள் இவர்: 'செட்டிங்ஸ்', 'பர்சனலைசேஷன்', 'லாக் ஸ்கிரீன்' என்று வரிசையாகப் போனால், 'ஷோ தி லாக் ஸ்கிரீன் பேக்கிரவுண்ட் பிக்சர் ஆன் தி சைன்-இன் ஸ்கிரீன்' என்று ரயில் போல நீண்ட ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்துச் சுவிட்ச் ஆஃபில் இருந்தால் ஆன் செய்யுங்கள். மறுபடியும் விண்டோஸ் கீ, 'எல்'. வந்ததா? ஒரே கம்ப்யூட்டரில் அக்காவுக்கும் உங்களுக்கும் தனித்தனி அக்கவுன்ட் இருந்தால், இந்தச் சுவிட்சும் தனித்தனிதான். நீங்கள் ஆன் செய்தது அக்காவுக்குச் சேராது.

வாசலிலேயே படம் வரவில்லையா? அதே 'லாக் ஸ்கிரீன்' பக்கத்தில் மேலே பாருங்கள். 'விண்டோஸ் ஸ்பாட்லைட்', 'பிக்சர்', 'ஸ்லைட்ஷோ' என்று மூன்று வகை இருக்கும். ஸ்பாட்லைட் என்றால் படம் இன்டர்நெட்டிலிருந்து இறங்க வேண்டும். நெட் சரியாக இல்லாத வீட்டில் புதுப் படம் வராது. ஸ்லைட்ஷோ என்றால் ஒரு ஃபோல்டரில் இருக்கும் படங்கள் மாறி மாறி வரும். அந்த ஃபோல்டர் பென்-டிரைவில் இருந்து, பென்-டிரைவ் அப்பாவின் பையில் ஆபீசுக்குப் போயிருந்தால்? 'ஒன்லி யூஸ் பிக்சர்ஸ் தட் ஃபிட் மை ஸ்கிரீன்' என்பது ஆனில் இருந்தால் சின்னப் படங்களை ஒதுக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

சோதித்துப் பார்க்கச் சிறந்தது 'பிக்சர்'. அதைத் தேர்ந்தெடுத்து, முதலில் விண்டோஸ் கொடுத்திருக்கும் படங்களில் ஒன்றை வைத்துப் பாருங்கள். அது தெரிந்து, உங்கள் படம் மட்டும் தெரியவில்லை என்றால், குறை உங்கள் படத்தில். சில செல்போன்கள் போட்டோவை 'ஹெச்இஐசி' என்ற வகையில் சேமிக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அது படிக்கத் தெரியாது. படத்தை 'ஜேபிஜி' ஆக மாற்றி வைத்தால் சரியாகிவிடும். விண்டோஸ் படமே தெரியவில்லை என்றால், உங்கள் படம் நிரபராதி! அடுத்த இடத்தைத் தேடுவோம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும். எதை மாற்றினீர்கள், முன்பு எப்படி இருந்தது என்று ரஃப் நோட்டில் எழுதுங்கள். நாலு சுவிட்சை ஒரே நேரத்தில் தட்டினால், படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

தம்பி மேல் விழுந்த பழி

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. மறைந்த பாட்டியின் படத்தை விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். ஒருநாள் படம் காணாமல் போய்விட்டது. "தம்பிதான் கேம் ஆடும்போது அழிச்சுட்டான்" என்று அவள் அழ, தம்பி இல்லை என்று அழ, அவனுக்கு முதுகில் இரண்டு அடி வேறு!

நான் போய்ப் பார்த்தபோது நீளமான அந்தச் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. பாட்டியின் படமும் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. "படம் எந்த நாளிலிருந்து வரவில்லை? அதற்கு முதல் நாள் கம்ப்யூட்டரை யார் தொட்டார்கள்?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு வந்த மாமா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குன்னு ஏதோ செஞ்சு கொடுத்தார்" என்றாள்.

அங்கேதான் இருந்தது மர்மம்! 'பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதை அழுத்தினால், அலங்கார வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். அந்த அலங்காரப் பட்டியலில் 'அனிமேட் விண்டோஸ் வென் மினிமைசிங் அண்ட் மேக்சிமைசிங்' என்று ஒன்று. ஜன்னல்கள் சுருங்கி விரிவதற்கும் சைன்-இன் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் 10-ல், அந்த டிக்கை எடுத்தால் சைன்-இன் படமும் சேர்ந்து போய்விடுகிறது! அந்த ஒரு டிக்கை மட்டும் திரும்பப் போட்டோம். விண்டோஸ் கீ, 'எல்'. பாட்டி சிரித்தார். தம்பிக்கு அக்காவிடமிருந்து இரண்டு கடலை மிட்டாய் கிடைத்தது.

இதே சுவிட்ச் இன்னொரு பெயரிலும் இருக்கிறது. விண்டோஸ் 10-ல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்', 'டிஸ்ப்ளே' என்று போனால் 'ஷோ அனிமேஷன்ஸ் இன் விண்டோஸ்'. விண்டோஸ் 11-ல் 'ஆக்சஸிபிலிட்டி', 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' என்று போனால் 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்'. அதையும் பார்த்துவிடுங்கள். திரை முழுக்கக் கறுப்பாகி எழுத்துகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அது 'ஹை கான்ட்ராஸ்ட்'. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கான வசதி. இடது பக்க ஆல்ட், இடது பக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றையும் தெரியாமல் சேர்த்து அழுத்தி அதை வரவழைத்திருப்பீர்கள். அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் போய்விடும்.

தொடக் கூடாத இடங்கள்

'பர்சனலைசேஷன்' பக்கம் முழுக்க மங்கி, க்ளிக் செய்தாலும் அசையவில்லையா? அந்த விண்டோஸ் 'ஆக்டிவேட்' செய்யப்படவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் தெரியும். அதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

'சம் ஆஃப் தீஸ் செட்டிங்ஸ் ஆர் மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற வரி இருந்தால், பள்ளியோ அலுவலகமோ அந்தச் சுவிட்சைப் பூட்டி வைத்திருக்கிறது. அது அவர்கள் கம்ப்யூட்டர், விட்டுவிடுங்கள். 'ரெஜிஸ்ட்ரி' என்ற பகுதியைத் திறந்து திருத்தச் சொல்லி யாராவது வழி சொன்னால் செய்யாதீர்கள். ஒரு எழுத்து தவறினாலும் கம்ப்யூட்டரே கிளம்பாமல் போகலாம். 'படம் வரவழைக்கும் சாப்ட்வேர்' என்று இலவசமாகக் கிடைப்பவையும் வேண்டாம். மேலே சொன்ன சுவிட்சுகளைத் தட்ட ஒரு சாப்ட்வேர் எதற்கு?

வீட்டில் லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறதா? 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்ததை உங்கள் அண்ணன், அக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள். லினக்ஸில் காரணம் வேறு. 'லினக்ஸ் மின்ட்' போன்றவற்றில் பாஸ்வேர்டு கேட்கும் திரையை நடத்துவது 'லைட்டிஎம்' என்ற தனி ஆள். வாட்ச்மேன் மாதிரி. நீங்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே அவர் வேலைக்கு வந்துவிடுகிறார். படம் உங்கள் 'ஹோம்' ஃபோல்டரில், அதாவது உங்கள் அறைக்குள் இருக்கிறது. அறைச் சாவி அவரிடம் இல்லாவிட்டால் படத்தை எப்படி எடுப்பார்? வெறும் நிறத்தைக் காட்டுவார். படத்தை எல்லோரும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் வைத்தால் போதும். 'யுஎஸ்ஆர்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'பேக்கிரவுண்ட்ஸ்' என்ற ஃபோல்டர் அதற்கென்றே இருக்கிறது. அங்கே வைக்க நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டும், அப்பா அம்மாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? நீங்கள் தேர்ந்தெடுக்கும் படத்தின் நகல் ஒன்றை அது தன்னிடம் முன்பே எடுத்து வைத்துக்கொள்கிறது.

எல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால், 'ஷட் டவுன்' செய்யாமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி உள்ள கம்ப்யூட்டரில் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாய்த் தொடங்கும்.

படம் வந்துவிட்டதா? இப்போது அது என்ன படம் என்று பாருங்கள். வாசலில் இருப்பதைப் பாஸ்வேர்டு இல்லாதவரும் பார்க்கலாம். பள்ளி அடையாள அட்டை, வீட்டு எண், போன் நம்பர் தெரிகிற போட்டோவாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் நடுவில்தான் வரும். அதனால் முகம் நடுவில் இருக்கும் போட்டோவை வைத்தால், பாட்டியின் மூக்கு மேல் கட்டம் உட்கார்ந்துகொள்ளும். முகம் ஓரமாக இருக்கிற போட்டோவாகப் பார்த்து எடுங்கள்.