மணி வேட்டையும் மண்ணில் எஞ்சுவதும்

பொன்னும் மணியும் மக்கள் உள்ளத்தை ஈர்க்கும் இயல்பின. அவை கிடைக்குமிடம் அறிந்தவுடன் ஊரும் உறவும் துறந்து விரைதல் எந்நாட்டினர்க்கும் பொதுவாகும். அவ்வேட்கை தணிந்தபின் அந்நிலத்திற்கு எஞ்சுவது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில், பழைய விடுதிக் கட்டிடமொன்றினுள், பொன்வேட்டையை நினைவூட்டும் வரலாற்றுப் பூங்கா ஒன்றுண்டு. பூங்கா எனப்படினும் அது காட்சிச்சாலையே. 1896இல் கனடாவின் கிளொண்டைக் ஆற்றுப் பகுதியிற் பொன் கண்டறியப்பட்டது. 1897 யூலை 17இல் அப்பொன்னுடன் ஒரு கப்பல் சியாட்டில் துறையை அடைந்தது. செய்தி பரவவே, ஏறத்தாழ 1,00,000 பேர் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். சென்றடைந்தோர் 30,000 முதல் 40,000 வரையினர். பொன் கண்டோர் 4,000 அளவினரே. ஓராண்டுக்குரிய உணவும் கருவியுமாக ஏறக்குறைய ஒரு தொன் பொருள் கொணராதாரைக் கனடாக் காவலர் எல்லை கடக்க விட்டிலர். அப்பொருளை விற்ற நகர வணிகரோ மண்ணைத் தோண்டாமலே செல்வராயினர். 1976இல் அமெரிக்க அரசு நிறுவிய அப்பூங்கா, பொன்னின் ஒளியினும் மாந்தர் பட்ட பாட்டையே நினைவிற் கொள்ளச் செய்கின்றது.

கிளொண்டைக் வேட்கை சில ஆண்டுகளில் அடங்கிற்று. சப்பிரகமுவ மாகாணத்து மணி வேட்கையோ பல நூற்றாண்டு கடந்தும் அடங்கவில்லை. எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொடகவெல, பெல்மதுளை வழியாக இரத்தினபுரி செல்வோர், அப்பகுதி வயல்களிடையே மாணிக்கக் குழிகளைக் காணலாம். சுவர் சரியாவண்ணம் மரச்சட்டம் கோத்து, இடையிற் பன்னச்செடி அடைத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே தொழிலாளர் ஆழத் தோண்டுவர். சிங்களத்தில் ‘இல்லம’ எனப்படும் பருக்கைக்கற் படையை அடைந்ததும், அதனை மேலேற்றிக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அரிப்பர். நீலக்கல் நீரினும் நான்கு மடங்கு பாரமுடையது. படிகக் கல்லோ இரண்டரை மடங்கினும் சிறிதே மிக்கது. ஆதலின் இலேசானவை வெளியேற, மணி அடியிலே தங்குகின்றது.

அங்ஙனம் எடுத்த மணி ஊரில் நிற்பதில்லை. 423 காரற்று எடையுள்ள இலங்கை நீலக்கல் ஒன்று வாசிங்டன் நூதனசாலையில் உள்ளது. எனினும், மணி தேடிய குழிகள் வேறொரு செல்வத்தையும் வெளிப்படுத்தின. இன்று இலங்கைக் காடுகளிற் காணப்படாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் கல்லாகிய என்பும் பல்லும் அப்பருக்கைப் படைகளிற் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல ஆவர். விலைபோகாத இப்பொருள்களுக்கு, இரத்தினபுரியின் எகலப்பொல வளவில் 1988இல் அமைந்த தேசிய நூதனசாலை இடமளித்தது.

விலைபெற்ற மணி கடல் கடந்தது. விலையற்ற என்பு வரலாறாய் நின்றது. ஆயினும் குழியில் இறங்கியோரின் பெயரைக் காப்பது எது? சியாட்டில் நகர் தன் எளிய மாந்தரின் சுமையையும் காட்சிப்பொருளாக்கிற்று. அங்ஙனமே இரத்தினபுரி செல்வோரும், மணியை மட்டும் வியந்து மீளாது, சேற்றில் நின்று அதனை அரித்தெடுத்த கைகளையும் எண்ணுதல் கடனாகும்.