நாசாவே அனுப்பிய படம், கையெழுத்து யாருடையது?

கிருலப்பனையில், ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் ஒரு வீடு. ஹோலில் குடும்பப் படங்களுக்கு நடுவே நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் இருக்கிறார். வெள்ளை விண்வெளி உடை, முன்னால் தலைக்கவசம், பின்னால் பெரிய நிலவு, கூடவே ஒரு கையெழுத்து. வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிப் பெற்ற படம். ஈபேயில் போட்டால் என்ன விலை போகும் என்று பேரன் கேட்கிறான். "இது கடையில வாங்கினதில்ல தம்பி, நாசாவே நேர அனுப்பினது" என்கிறார் பெரியவர். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்ற தொனி.

சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாசாவிலிருந்து தபாலில் வந்தது என்பதே, அந்தக் கையெழுத்தை இயந்திரம் போட்டிருக்கலாம் என்பதற்கான முதல் அறிகுறி.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய பிறகு உலகம் முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. அத்தனைக்கும் உட்கார்ந்து கையொப்பமிட விண்வெளி வீரர்களுக்கு ஏது நேரம்? அதற்கான வழியை நாசா 1960களின் நடுப்பகுதியிலேயே, ஜெமினிப் பயணங்களின் காலத்திலேயே கண்டுவிட்டது. அதன் பெயர் ஓட்டோபென். ஒருவரின் கையெழுத்தைப் பார்த்து ஓர் அச்சுத் தகடு வெட்டுவார்கள். தகட்டின் விளிம்பைத் தொட்டபடி ஓர் இயந்திரக் கை நகரும். அந்தக் கை பிடித்திருக்கும் பேனை கீழேயுள்ள படத்தில் எழுதும். பேனை உண்மையானது, மை உண்மையானது, படமும் நாசாவுடையது. ஆள் மட்டும் இல்லை.

இது நாசாவுக்கு மட்டும் உரிய தந்திரமும் அல்ல. கென்னடியின் ஓட்டோபென் கையெழுத்துகளை அம்பலப்படுத்தி சார்ள்ஸ் ஹமில்டன் என்பவர் 1965இல் ஒரு புத்தகமே எழுதினார். ஒபாமா 2011இல் பிரான்சில் இருந்தபோது, வோஷிங்டனில் ஒரு சட்டமூலத்துக்கு அவருக்காக இயந்திரம் கையொப்பமிட்டது. 2022இல் பொப் டிலன் கையெழுத்திட்டதாகச் சொல்லி 599 டொலருக்கு விற்ற புத்தகங்களில் இருந்ததும் இயந்திரக் கையெழுத்துதான். வாங்கியவர்கள் படங்களை ஒப்பிட்டுப் பிடித்துவிட்டார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார்.

எப்படிப் பிடிப்பது? கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை வெளியே எடுங்கள். நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கியுடன் கோட்டைப் பாருங்கள். மனிதக் கை ஓடும் வேகத்தில் தொடங்கி ஓடும் வேகத்திலேயே முடிக்கும்; அதனால் முதல் எழுத்தின் தொடக்கமும் கடைசி எழுத்தின் வாலும் மெலிந்திருக்கும். வளைவில் கை தாமதிக்கும், நேர்கோட்டில் பறக்கும், அழுத்தம் கூடிக் குறையும். இயந்திரம் பேனையை முதலில் தாளில் இறக்கிவிட்டுத்தான் நகரத் தொடங்கும்; முடிந்ததும் நின்றுதான் தூக்கும். ஆகவே இரண்டு முனைகளிலும் மை சிறு புள்ளியாகத் தேங்கியிருக்கலாம். இடையில் கோடு முழுக்க ஒரே தடிப்பு. இயந்திரத்தின் அதிர்வால் வளைவுகளில் நடுக்கமும் தெரியலாம், வயதானவர் மெதுவாக எழுதியது போல. ஆம்ஸ்ட்ரோங் நிலவில் கால் வைத்தபோது அவருக்கு வயது 38!

இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் உதவும். தீர்ப்புச் சொல்வது இன்னொரு சோதனை. எந்த மனிதனும் தன் பெயரை இரண்டு முறை அச்சொட்டாக ஒரேமாதிரி எழுதுவதில்லை. வங்கிக்குப் போய்க் கையொப்பம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே உங்கள் படத்திலுள்ள கையெழுத்து வேறொரு படத்திலுள்ளதோடு முழுதாகப் பொருந்தினால், இரண்டுமே ஒரே தகட்டின் பிள்ளைகள். அப்பல்லோ வீரர்கள் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகள் இருந்தன. சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். உங்களுடையதை ஒளி ஊடுருவும் தாளில் அதே அளவில் பிரதியெடுத்து அவற்றின்மேல் வைத்துப் பார்த்தால் போதும். இயந்திரம் ஓடும்போது படம் இலேசாக நகர்ந்திருந்தால் ஓரிரு எழுத்துகள் விலகி நிற்கும். அதை மட்டும் வைத்து அசல் என்று துள்ளக் கூடாது.

எந்தத் தகட்டோடும் பொருந்தாவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது. செயலாளர் போட்டதாக இருக்கலாம், படத்தோடு சேர்த்து அச்சிட்டதாக இருக்கலாம், அல்லது அப்பட்டமான மோசடியாக இருக்கலாம். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் பேனை மை பளபளப்பான மேற்பரப்பின்மீது தனியாகத் தெரியும். அச்சென்றால் படத்தோடு படமாகக் கிடக்கும். ஆம்ஸ்ட்ரோங் விடயத்தில் மோசடிக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். தன் கையெழுத்தை வாங்கி வாங்கி விற்கிறார்கள் என்று தெரிந்ததும், 1994இலிருந்து அவர் போடுவதையே நிறுத்திவிட்டார். அதன்பின் விலை ஏறியது, போலிகளும் பெருகின.

நம்பக்கூடியவையும் இருக்கின்றன. அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும் புறப்படுமுன் தபால் உறைகளில் கையொப்பமிட்டு வீட்டாருக்காக விட்டுச் சென்றார்கள். திரும்பி வராவிட்டால் குடும்பம் விற்றுப் பிழைக்கட்டும் என்பதற்காக. காப்புறுதி உறைகள் என்று இன்று பெயர்பெற்ற அவற்றில் பல, வீரர்களின் குடும்பங்களிடமிருந்தே ஏலத்துக்கு வந்தவை. கையெழுத்தைவிட, அது வந்த வழிக்கே அங்கே மதிப்பு.

அந்தக் கணக்கில் பார்த்தால், நாசாவிலிருந்து வந்த பளபளப்பான படத்தைவிடக் கொழும்பு வீடுகளில் தேட வேண்டியது வேறொன்று. விண்வெளிக்குப் போய்வந்த அதே ஆண்டில், 1961 டிசம்பரில், விண்வெளி வீரர் யூரி ககாரின் இலங்கைக்கு வந்தார். அப்போது யாராவது நீட்டிய கொப்பித் தாளில் அவர் கிறுக்கிய கையெழுத்து ஒன்று எங்காவது பழைய அல்பத்தில் கிடந்தால், அதை நான் முதலில் நம்புவேன்.

கிருலப்பனைப் படத்தை விற்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விற்பதானால், சோதனையில் தகட்டோடு பொருந்தினால், ஓட்டோபென் என்று எழுதியே விற்கட்டும். அப்படியும் ஆசையோடு வாங்க ஆளிருக்கும். படம் வந்த உறை இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ககாரினிடம் நேரில் கையெழுத்து வாங்கியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எங்கே, எப்போது வாங்கியது என்பதை இந்த வாரமே கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கி வையுங்கள்.