வளைந்த மூலையும் உருக்கின் களைப்பும்

கூரைச் சட்டங்களுக்கும் லொறிச் சட்டங்களுக்கும் உருக்குத் தகட்டைச் சூடாக்காமலே வளைப்பதுண்டு. அங்ஙனம் வளைக்குங்கால் மூலையின் புறப்பரப்பு நீள்கின்றது, அகப்பரப்பு ஒடுங்குகின்றது. உள்வளைவின் ஆரை தகட்டின் தடிப்புக்குச் சமமாயின் புறப்பரப்பின் நீட்சி ஏறக்குறைய 33 வீதம்; ஆரை தடிப்பின் மும்மடங்காயின் 14 வீதமே. இதனால் மூலை முன்னையினும் வலிமை பெறுகின்றது. ஆயின், மேலும் நீண்டு கொடுக்கும் இயல்பை இழக்கின்றது.

ஒருமுறை ஏற்றிய பெருஞ்சுமையைத் தாங்கும் உருக்கும், பன்னூறாயிரம் முறை மீளமீள வரும் சிறுசுமையால் முறியக்கூடும். புகையிரத அச்சுக்களை ஆராய்ந்த வோலர் என்னும் ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை நிறுவினார். வளைக்கும்போது மூலையில் நுண்வெடிப்பு நேர்ந்திருப்பின், காற்றும் அதிர்வும் அதனை மெல்ல வளர்க்கும். ஆதலின், வலிமையை மட்டுங் கணித்தமைதல் போதாது. வளைவின் ஆரையைப் பெருக்குதலே சட்டத்தை நம்பி நிற்போரின் உயிர்க்குக் காப்பாம்.