ஜெராக்ஸ் கடை வழக்கும் ஐபிஆர் பேப்பரும்

பொறியியல் கல்லூரியில் அறிவுசார் சொத்துரிமைப் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் வாயில் அது 'ஐபிஆர் பேப்பர்'. "கணக்கு இல்லாத பேப்பர்தானே மேம், முதல் நாள் ராத்திரி படிச்சா போதும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காப்புரிமைக்கு 20 ஆண்டு, பதிப்புரிமைக்கு ஆசிரியரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும், வணிகச் சின்னத்தை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டே போனால் யாருக்குப் பிடிக்கும்? ஜெராக்ஸ் எடுக்காதே, டவுன்லோடு செய்யாதே என்று தங்களைத் திருடர்களாகப் பார்க்கும் பாடம் என்ற மனத்தாங்கலும் அவர்களுக்கு உண்டு.

அதனால் நான் ஜெராக்ஸ் கடையிலிருந்தே தொடங்குகிறேன். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்றொரு சின்னக் கடை. பாடத்திட்டத்தில் உள்ள நூல்களிலிருந்து வேண்டிய பக்கங்களை நகலெடுத்து, தொகுப்பாக்கி மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் 2012இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்கள் கைகட்டி நிற்கவில்லை. சங்கம் அமைத்துத் தாங்களும் வழக்கில் சேர்ந்தார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அத்துமீறலாகக் கொள்வதில்லை. அதை வைத்து 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, நகலெடுத்தவை பாடத்துக்குத் தேவையானவையா என்று விசாரிக்கச் சொன்னது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும். "அப்போ முழு புக்கோட பிடிஎஃப்பை டெலிகிராம்ல போடலாமா மேம்?" கூடாது என்பேன். ஏன் கூடாது, எழுதியவருக்கு என்ன நட்டம், வாங்க வசதியில்லாதவன் எங்கே போவான் என்று மணி அடிக்கும்வரை வாதாடுவார்கள். எழுதியவரின் உழைப்பையும் படிப்பவரின் தேவையையும் ஒருசேர நினைத்துப் பார்க்கிறார்கள். பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் வந்ததும் பேச்சு காப்புரிமைக்குத் தாவும். 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரணமாக எந்த விண்ணப்பமும் 18 மாதம் ஆனால் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். புதுமை உண்டா, பயன் உண்டா என்ற பரிசோதனை நடந்து, அதில் தேறினால்தான் காப்புரிமை. எண்ணிக்கை காட்டுவதற்காக விண்ணப்பம் போடச் சொல்லும் கல்லூரிகள் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. விண்ணப்பிக்கும் முன்பே ப்ராஜெக்டை யூடியூபில் விளக்கிவிட்டால் அதன் புதுமையே போய்விடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டால், முழு விவரத்தைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்றையும் தவறாமல் சொல்கிறேன். நம் சட்டத்தில் விண்ணப்பிக்கும் உரிமை முதலில் கண்டுபிடித்தவருக்கே. அவர் எழுதிக் கொடுத்தால்தான் அது மற்றவருக்குப் போகும். போன பருவத்தில் ஒரு மாணவி எழுந்து, "காலேஜ்ல ஒரு ஃபார்ம் கொடுத்து சைன் பண்ணச் சொன்னாங்க மேம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு தரேன்னு சொல்லலாமா?" என்றாள். தாராளமாகச் சொல், கையெழுத்துப் போட்டால் ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொள் என்றேன்.